இருளும்வரை அசையாதே

என் மகள் ஐந்து நாளாகக் கனடாவின் வடக்கே ஒரு வண்டிக்குள் இருக்கிறாள். படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. அதை ஓட்டுபவள் என் தங்கச்சி. ரொறொன்ரோவில் இருக்கும் அவள், பெறாமகளுக்கு யூகோனைக் காட்டப் போகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஆடியில் சொன்னதைச் செய்துவிட்டாள்.

புறப்படும்போது மகள் வாசலில் என் பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியில் வழியைக் காட்டினாள். ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வெறும் காடும் சேறும்தான் என்றாள், பரிசு வாங்கிய பிள்ளையைப் போல. அந்த நீளத்தில் தொலைபேசி வேலை செய்யாது என்பதையும் சொன்னாள். நான் என்ன முகம் காட்டினேனோ, "ரோலி, மோர்" என்றாள். பதறாதே அம்மா என்பதை இங்கே டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஒண்டும் நடக்காது. சந்தோசமாப் போயிட்டு வா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பதினொரு வயதில் ஒரு காட்டின் நடுவில் நின்று, என் தங்கச்சிக்கு ஒரு பொய் சொல்வதற்காக அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

எண்பதுகளில் பிள்ளைகளாக இந்த நாட்டில் வந்திறங்கி, இப்போது தலை நரைத்து, பிள்ளைகளின் அழைப்புக்காகத் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சத்தம் கேட்டவுடன் கால் ஏன் தானாக ஓடும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்பா எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி டென்மார்க் வந்தவர். அம்மாவும் நானும் தங்கச்சியும் பனி கரையாத ஒரு பங்குனியில் ஹேர்னிங்கில் வந்து இறங்கினோம். அப்பாவுக்கு ஒரு துணி ஆலையில் சாயம் போடும் பகுதியில் வேலை. அவருடைய நகங்கள் ஒரு கிழமை நீலமாக இருக்கும், அடுத்த கிழமை கருஞ்சிவப்பாக இருக்கும். அவர் ஊரை விட்டுப் போனபோது தங்கச்சிக்கு மூன்று வயது. படத்தில் இருந்த மனிதர் திடீரென்று வீட்டுக்குள் நடமாடுவதை அவளால் ஏற்க முடியவில்லை. "இண்டைக்கு என்ன நிறம்?" என்று நகத்தைப் பார்க்கத்தான் அவள் முதலில் அவருக்குக் கிட்டப் போனாள்.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருந்தார். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. அதனால் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாது. ஆலை ஆடியில் மூன்று கிழமை பூட்டப்படும். நாங்கள் போய்ப் பார்ப்பது என்று அப்பா முடிவெடுத்தார். ஆலையில் அவருக்கு மேலாளாக இருந்த போர்மன், மனைவியின் இடுப்பு வருத்தத்தால் அந்த வருடம் எங்கேயும் போகாமல் முற்றத்தில் நின்ற தன் ஓட்டோகம்பரை, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியைத் தந்தார். பழுப்புக் கோடு போட்ட வெள்ளை வண்டி. ஏறினால் கேஸ் வாசமும் பழைய பஞ்சு மெத்தை வாசமும் சேர்ந்து அடிக்கும். யன்னல்களில் செம்மஞ்சள் திரைச்சீலை. தொட்டிக்கு மேலே கையகலத்தில் ஒரு வட்ட மணிக்கூடு.

போர்மன் வரைபடத்தில் பென்சிலால் வழி போட்டுக் கொடுத்தார். அவருடைய மனைவி தங்கச்சிக்கு முன்பக்கம் ஒரு ஸ்ட்ரோபெரிப் பழம் போட்ட வெள்ளைச் சட்டை தந்தா. கடைசியில் போர்மன் நான்கு தொப்பிகளைக் கொண்டுவந்தார். முகத்தை மூடி வலை தொங்கும் தொப்பிகள். வடக்கே நுளம்பு பொல்லாதது என்று அவர் சொன்னதை அப்பா எங்களுக்கு மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார்.

"நுளம்புக்குள்ளை பிறந்து வளர்ந்த ஆக்களுக்குத் தொப்பி குடுக்கிறார் மனுசன்."

தொப்பிகளை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவின் முதல் பிழை அது. இரண்டாவது பிழை தூரம். வரைபடத்தில் ஒரு சாண் தானே என்று இரண்டு நாள் கணக்குப் போட்டார். மூன்றாவது கடவுச்சீட்டு. எங்கள் மூவருக்கும் டென்மார்க்கின் முத்திரை மட்டும் இருந்தது. சுவீடனுக்குள்ளும் நோர்வேக்குள்ளும் போக அது காணும் என்றார் தெரிந்த ஒருவர். காணாது என்றார் இன்னொருவர். அப்பா மூன்றாவது ஆளைக் கேட்கவில்லை.

கப்பலால் சுவீடனில் இறங்கியபோது ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. அப்பா அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். இவ்வளவு பெரிய வண்டியை அவர் முன்பு ஓட்டியதில்லை. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தபடி எங்களை முந்திப் போகும். ஒவ்வொரு ஹோர்னுக்கும் அம்மா செபமாலையில் ஒரு மணியைத் தள்ளுவா. "இஞ்சருங்கோ, அவங்களைப் போக விடுங்கோ" என்பா. "போகத்தானே விடுறன், வேறை என்ன செய்யிறன்" என்பார் அப்பா. அம்மா அந்தச் சின்ன அடுப்பில் புட்டு அவித்தா. வண்டி முழுக்க நீராவி பிடித்து, யன்னல் கண்ணாடியில் தங்கச்சி விரலால் ஆடு கீறினாள். சித்தப்பாவுக்கென்று அம்மா வறுத்து இடித்த கறித்தூள் ஒரு பிஸ்கற் ரின்னில் என் காலடியில் இருந்தது. மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தும் வாசம் கசிந்தது.

முதல் நாள் மரங்களைப் பார்த்துச் சந்தோசப்பட்டோம். மூன்றாம் நாளும் மரங்கள்தான். வீடு இல்லை, வேலி இல்லை, வயல் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு மரம், நடுவில் எங்கள் வண்டியின் சத்தம். எதிரே ஒரு கார் வந்தால் நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். ஒருமுறை அம்மா, திரும்பிப் போவமே என்று கேட்டா.

"ஏனப்பா பயப்பிடுறாய்? ஆரும் இல்லாத இடம்தான் பத்திரமான இடம்" என்றார் அப்பா.

"ஆரும் இல்லாத இடத்திலை கூப்பிட்டால் ஆர் வாறது?"

அப்பா விசிலடிப்பதை நிறுத்திவிட்டார்.

படுக்கும் நேரத்தில் வெளியே இன்னும் வெயிலாக இருக்கும். பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டும் என்று அம்மா திரைச்சீலைகளின் மேல் போர்வையைப் போட்டுத் துணிக் கிளிப்புகளால் இறுக்குவா. எழும்பும்போதும் வெயிலாக இருக்கும். நடுவில் இருட்டு வந்துவிட்டுப் போகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டு வராமல் எங்கே போகும்?

இப்போது ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கடற்கரைக்குக் கிட்ட. அப்பா போன பிறகுதான் ஆமியின் ஹெலி அடிக்கடி வந்து சுடத் தொடங்கியது. அம்மா எங்களுக்குச் சட்டங்கள் போட்டிருந்தா. சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே ஓடிக் குப்புறப் படுக்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். வெள்ளைச் சட்டை என்றால் கழற்றி வயிற்றுக்குக் கீழே வைக்க வேண்டும், மேலிருந்து வெள்ளை தெரியும். ஆர் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் படுக்கக் கூடாது. ஏன் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பது எனக்குப் பத்து வயதிலேயே விளங்கியிருந்தது.

ஒரு நாள் சத்தம் போய்விட்டது என்று முன்வீட்டு மாமி கிணற்றடியிலிருந்து எழும்பி, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனா. அது கடலுக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. மாமியின் துணிகள் இரண்டு நாள் கொடியிலேயே கிடந்தன.

அதன் பிறகு அம்மாவின் சட்டங்களோடு நான் ஒன்றைச் சேர்த்தேன். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் தங்கச்சியைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது நான். அவளுக்குச் சொன்னேன்: சத்தம் போனாலும் எழும்பாதே. இருளும்வரை அசையாதே. இருண்ட பிறகு நான் வந்து கூப்பிடுவேன், அப்போதுதான் வெளியே வரலாம். இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் உள்ள சட்டம். மரவள்ளித் தோட்டத்துக்குள் அவளைப் படுக்க வைத்து, கழுத்தில் வைக்கோலால் கிச்சுக்கிச்சு மூட்டிப் பழக்கினேன். அசைந்தால் தோல்வி, வென்றால் ஒரு புளி இனிப்பு. அவள் ஒருமுறையும் தோற்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை கல்லைப் போலக் கிடப்பாள். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

அப்பாவுக்கு இவை எதுவும் தெரியாது. கடிதத்தை யாராவது உடைத்துப் படிப்பார்கள் என்று அம்மா எப்போதும் நலம் என்றே எழுதினா. இங்கே வந்த பிறகும் சொல்லவில்லை. வந்து சேர்ந்துவிட்டோமே, இனி எதற்கு என்று நினைத்திருப்பா.

ஐந்தாம் நாள் மத்தியானம் கழிந்து, தெருவோரம் சரளைக்கல் போட்ட ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். ஒரு பக்கம் சேற்று நிலமும் ஒரு சிற்றாறும். புல் நுனிகளில் பஞ்சு போல வெள்ளைப் பூ. மறு பக்கம் காடு. அம்மா வெளியே குந்தியிருந்து அரிசி கழுவினா. அப்பா வரைபடத்தை முகத்தில் போட்டுக்கொண்டு ஸ்ரியறிங்குக்குப் பின்னால் சாய்ந்திருந்தார். தங்கச்சி ஸ்ட்ரோபெரிச் சட்டையோடு சரளைக்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்தைக் காதுக்கு முதல் நெஞ்சு கேட்கும். அம்மாவின் கையிலிருந்து சட்டி விழுந்தது.

"ஹெலி!"

தங்கச்சியின் கையைப் பிடித்தேன், தெருவைக் கடந்தேன், காட்டுக்குள் ஓடினேன். காலுக்குக் கீழே பாசி மெத்தை போல அமுங்கியது. இரண்டு பேர் ஒரே இடத்தில் படுக்கக் கூடாது. அவளுடைய கையை விட்டு, முதுகில் தள்ளி, "போ, போ" என்றேன். அவள் ஓடினாள். நான் விழுந்து கிடந்த ஒரு மரத்தோடு ஒட்டிப் படுத்தேன்.

அது மரநுனிகளை உரசுவது போல எங்களுக்கு மேலே போனது. அதற்குப் பிறகு நிலம் அதிர்ந்தது. தலையைத் தூக்கினால், நூற்றுக்கணக்கான பனிமான்கள் குட்டிகளோடு மரங்களுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் கால்களிலிருந்து சுள்ளி நெரிகிற மாதிரி ஒரு சத்தம். ஈரத்தோல் வாசம். ஹெலி அவற்றைக் கலைத்துக்கொண்டு போனது, எங்கள் ஊரில் ஆடு கலைப்பது போல. அவ்வளவுதான். கன்றுகளுக்குக் குறி போடுவதற்காக மந்தையைப் பட்டிக்கு ஓட்டுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா தெருவில் நின்று, "என்ன நடந்தது? எங்கை ஓடுறியள்?" என்று கத்தினார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அம்மா வண்டிக்குக் கீழே கிடந்தா. அதைப் பார்த்து நான் எழும்பினேன். சட்டம் போட்டவளே சட்டத்தை முறித்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கச்சி பின்னால் வருவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் வரவில்லை.

கூப்பிட்டோம். அப்பா கூப்பிட்டார், அம்மா கூப்பிட்டா. காடு குரலை வாங்கிக்கொண்டு ஒன்றும் திருப்பித் தரவில்லை. ஒரு மணித்தியாலம் கழிந்து, மந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அம்மாவைவிட வயது கூடிய பெண், கழுத்தில் வோக்கிரோக்கி தொங்கியது. மான்களின் சொந்தக்காரி. மற்றவர் அவருடைய மகன். என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டது அவருடைய மொழியில் என்றாலும், டேனிஷ் தெரிந்த அப்பாவுக்கு விளங்கியது.

அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு, பிள்ளை பூப் பறிக்கப் போய்க் காணாமல் போய்விட்டாள் என்றார்.

அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தா. அப்பா தமிழில், முகத்தை மாற்றாமல் சொன்னார்: "ஹெலியைக் கண்டு ஓடினது எண்டு சொன்னால், நீங்கள் ஆர், எங்கையிருந்து வாறியள் எண்டு கேப்பினம். பிறகு பொலிஸ் வரும், பேப்பர் கேக்கும். முதல்லை பிள்ளை கிடைக்கட்டும்."

பூ இருந்தது ஆற்றுப் பக்கம். ஆகவே அவர்கள் ஆற்றுப் பக்கம் தேடினார்கள். மகன் நீண்ட தடியால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தான். ஒவ்வொரு குத்துக்கும் அம்மா கண்ணை மூடினா. அப்பா மட்டும் தனியாகக் காட்டுப் பக்கம் போனார், வந்தார், திரும்பவும் போனார். சொன்ன பொய்யைத் தன் காலால் ஈடு செய்யலாம் என்று நினைத்தார் போல. அந்தப் பெண் வோக்கிரோக்கியில் கதைத்தார். மான்களை விட்டுவிட்டு ஹெலி திரும்பி வந்தது, பிள்ளையை மேலிருந்து தேட.

அது வரும்போதெல்லாம் நான் வண்டிக்குள் ஓடினேன். அவள் எங்கேயோ இன்னும் இறுக்கமாக மண்ணோடு ஒட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வேறு ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அப்பா பொய் சொல்லியிருந்தார். அதை நான் எப்படி உடைப்பது? அம்மாவின் சட்டங்களுக்கு மேலே நானாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். அதற்கு என்ன அடி விழும்? இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அவள் காணாமல் போகவில்லை என்று நான் நம்பினேன். இருண்டால் நான் போய்க் கூப்பிடுவேன், வந்துவிடுவாள். நான் இருட்டுக்காகக் காத்திருந்தேன்.

தொட்டிக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு மணி. ஏழரை. நுளம்புகள் அவ்வளவு நேரமும் யன்னல் கண்ணாடியில் கறுப்பாக அப்பியிருந்தன. வெளியே வந்தால் வாய்க்குள் போகும், மூக்குக்குள் போகும். அப்பாவின் கழுத்து வீங்கிவிட்டது. ஒன்பது மணி. சூரியன் மரங்களுக்கு மேலே பக்கவாட்டில் நகர்ந்தது, இறங்கவில்லை. பத்தே முக்காலுக்கும் என் நிழல் சரளையில் நீளமாகக் கிடந்தது.

அந்தப் பெண் வண்டிப் படியில் இருந்து எனக்கு ஒரு துண்டு ரொட்டி தந்தார். நான் என்னுடைய நாலு மாத டேனிஷில், எப்போது இருட்டும் என்று கேட்டேன். இருட்டுக்குப் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். என் தலையைத் தடவி, மெதுவாக, எனக்கு விளங்கும்படி இரண்டு தரம் சொன்னார். பயப்படாதே. இங்கே இப்போது இருட்டாது. சூரியன் மறையாது. இன்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. இன்னும் பல நாளைக்கு இல்லை. விடிய விடியத் தேடலாம்.

என்னை ஆறுதல்படுத்தச் சொன்ன சொல். என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான சொல்லை நான் இன்னும் கேட்கவில்லை.

எழும்பினேன். ரொட்டி விழுந்தது. இருந்த சொற்களையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினேன். ஹெலிகொப்டர் வேண்டாம், நிற்பாட்டுங்கள், தங்கச்சி பூவுக்குப் போகவில்லை, ஹெலிகொப்டருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள், எங்கள் ஊரில் அது சுடும். சுடும் என்பதற்கு டேனிஷ் தெரியவில்லை. விரலை நீட்டிக் காட்டினேன். பிறகு அம்மாவைப் போல நிலத்தில் குப்புறப் படுத்துக் காட்டினேன்.

அப்பா ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "பேசாமல் இரு. உனக்கென்ன விசரே?"

"இருண்டால்தான் வருவாளப்பா. நான்தான் அப்பிடிச் சொல்லி வைச்சனான்."

அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பாவின் கை என் தோளிலிருந்து தானாகக் கழன்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நிலத்தில் என் உடம்பு பதிந்த இடத்தைப் பார்த்தார்.  வோக்கிரோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். தூரத்தில் சத்தம் இறங்கி, இழுபட்டு, நின்றது.

அந்த அமைதியில் நான் காட்டுக்குள் போனேன். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. விழுந்த மரத்தடியில் போய் நின்றேன். வெயில் நேரே என் முகத்தில் அடித்தது. கண் கூசியது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் ஊரில் பொழுதுபட்ட பிறகு கூப்பிடும் குரலை எடுத்தேன். தணிந்த, ஒன்றுமே நடக்காதது போன்ற குரல்.

"தங்கச்சி, இருண்டு போச்சுது. வெளியாலை வா."

ஒன்றுமில்லை. இன்னும் பத்தடி நடந்தேன்.

"நல்லா இருண்டு போச்சுது. நான்தான் அக்கா. வா."

என் இடது பக்கம், பாசி மூடிய ஒரு கல்லுக்கும் அதன்மேல் சாய்ந்த மரத்துக்கும் நடுவில் ஏதோ அசைந்தது. அப்பா நாலு தரமாவது அதைக் கடந்து போயிருப்பார். அவள் முதலில் முழங்காலில் நின்றாள். மேலுடம்பில் சட்டை இல்லை. முதுகு, கழுத்து, கை எல்லாம் நுளம்பு கடித்து ஒரே தடிப்பாகியிருந்தது. ஒன்றைக்கூட அவள் அடிக்கவில்லை. கண் இமைகள் இரண்டும் வீங்கி மூடிப் போயிருந்தன. ஸ்ட்ரோபெரிச் சட்டை வயிற்றுக்குக் கீழே மடித்து வைத்தபடியே கிடந்தது.

கையை முன்னால் நீட்டினாள். "ஹெலி போயிட்டுதோ?"

"போயிட்டுது."

"நான் அசையேல்லை அக்கா."

"ஓம். நீதான் வெண்டது" என்றேன். கையில் கொடுக்க இனிப்பு இருக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு சின்னத் தகரப் பேணியிலிருந்து தார் வாசம் அடிக்கும் எண்ணெய் ஒன்றை எடுத்து அவளுடைய உடம்பெல்லாம் தடவினார். அம்மா தங்கச்சியை மடியில் வைத்திருந்தா. செபமாலை எங்கேயோ விழுந்துவிட்டது, பிறகு தேடவுமில்லை. அவர்கள் பொலிசைக் கூப்பிடவில்லை, ஒரு பேப்பரும் கேட்கவில்லை. கோப்பி போட்டுத் தந்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் மான்களைத் தேடிப் போனார்கள். கலைந்த மந்தையைத் திரும்பச் சேர்க்க அவர்களுக்கு எத்தனை நாள் போயிருக்கும் என்று நான் வளர்ந்த பிறகுதான் யோசித்தேன்.

அப்பா மடித்த சட்டையை எடுத்து விரித்தார்.

"பிள்ளைக்கு இதை ஆர் பழக்கினது?"

அம்மா சொல்லத் தொடங்கினா. மாமியின் துணிக்கொடி வரைக்கும் சொன்னா. அப்பா ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கேட்டார். அந்தக் கிழமை நகங்கள் பச்சை. அவருக்குக் கோபம், என்னை அடிக்கப் போகிறார் என்று நான் பின் இருக்கையில் ஒடுங்கியிருந்தேன். அது கோபமில்லை என்று விளங்க எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. ஆரும் இல்லாத இடம்தான் பத்திரம் என்று சொல்லி எங்களைக் கூட்டிவந்த மனிதருக்கு, நாங்கள் எதைக் கூடவே கொண்டுவந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வண்டியைத் தெற்கே திருப்பினார்.  சித்தப்பாவை நாங்கள் பார்த்தது ஐந்து வருடம் கழித்து, அவர் ஹேர்னிங்குக்கு வந்தபோது. "உங்களுக்கெண்டு வைச்ச மீன்குழம்பை இவ்வளவு நாளும் சூடாக்கிக்கொண்டிருந்தனான்" என்று வாசலிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரித்துக்கொண்டே கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். கறித்தூள் ரின்னை அம்மா கடைசிவரை உடைக்கவில்லை. பிளாஸ்ரர் ஒட்டியபடியே வீட்டுக்கு வீடு மாறியது. எந்த மாற்றலில் தொலைந்தது என்று தெரியாது. போர்மன் வண்டியைத் திரும்ப வாங்கியபோது நுளம்பு எப்படி என்று கேட்டாராம். கொஞ்சம் இருந்தது என்றாராம் அப்பா.

தங்கச்சிக்குக் கண் திறக்க இரண்டு நாள் எடுத்தது. வரும் வழியெல்லாம் நான் அவளுக்குச் சோறு தீத்திவிட்டேன். வெளியே என்ன தெரிகிறது என்று கேட்பாள். மரம் என்பேன். இப்போது? மரம். அவள் இமை திறந்தபோது நாங்கள் தெற்கே வெகுதூரம் வந்திருந்தோம்; அங்கே பொழுதுபட்டு இருட்டு வந்தது. ஆகவே அவள் என் பொய்யைக் கண்டுபிடிக்கவே இல்லை என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

ஐந்து நாளுக்கு முதல், யூகோனில் வண்டியை எடுத்த கையோடு அவள் என்னை அழைத்தாள். பின்னால் என் மகளின் சிரிப்புக் கேட்டது. பெற்றோல், தண்ணீர், கரடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே என்று நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். நுளம்பு வலை இருக்கிறதா என்று மூன்றாம் தரம் கேட்டபோது, "அக்கா, உனக்கு என்ன வேணும், நேரடியாச் சொல்லு" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். அன்றைக்கு இருளவில்லை. நான் உனக்குப் பொய் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அது எனக்கு அப்பவே தெரியுமக்கா. மூடின கண்ணுக்குள்ளை ஒரே சிவப்பாக் கிடந்தது. இருட்டு அப்பிடி இராது."

"பிறகேன் எழும்பினனி?"

"நீதானே வரச் சொன்னாய்."

இவ்வளவுதான் கதைத்தோம். அவளுக்கு அது சின்ன விசயம், வண்டியை எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.  ஹெலி நின்ற பிறகுதான் நான் கூப்பிட்டேன், உண்மை. ஆனால் அது நின்றதற்காக அவள் எழும்பவில்லை. இருண்டதென்று நம்பியும் எழும்பவில்லை. நான் சொன்னேன், அதற்காக எழும்பினாள். ஊரில், மாமி எழும்பிய அந்த நேரத்தில் நான் வாய் தவறி, வா என்று சொல்லியிருந்தாலும் எழும்பியிருப்பாள்.

வாசலில் என் மகளும் அப்படித்தான் நின்றாள். ஒன்றும் நடக்காது என்று நான் சொன்னபோது என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அந்தக் குரலுக்குள் என்ன இருந்ததென்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

தொலைபேசி வேலை செய்யாத நீளத்துக்குள் அவர்கள் நேற்று நுழைந்தார்கள். நான் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். அங்கே இப்போது எத்தனை மணி என்று அடிக்கடி கணக்குப் பார்க்கிறேன். எத்தனை மணியானாலும் அங்கே வெளிச்சமாகத்தான் இருக்கும்.